பழைய சவரக்கத்தி: கறள் கழற்றுவதிலிருந்து கன்னத்தில் வைப்பது வரை

அப்பப்பாவின் பெட்டி, சலூனை மூடியவரின் லாச்சி, இடம்பெயர்வில் தப்பிய தகரப்பெட்டி என்று வன்னி வீடுகளில் இன்னும் மடக்குச் சவரக்கத்திகள் கிடக்கின்றன. பிளேட் மாற்றாமல் கல்லிலும் தோல் வாரிலும் தீட்டிப் பாவித்த கத்திகளைத்தான் சொல்கிறேன். இப்போது சலூன்களில் பாவிக்கும் பாதிப் பிளேட் கத்திக்கு இதில் உள்ள எதுவும் பொருந்தாது.

எங்கள் வீட்டுக் கத்தி திருத்தத் தகுந்ததா? எதை வைத்து முடிவெடுப்பது?

கறளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதுகிலும் அலகின் நடுவிலும் உள்ள கறள் பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கும். பார்க்க வேண்டியது வாயை, அதாவது வெட்டும் விளிம்பை. வாயை ஒட்டி ஊசி குத்தியதுபோலக் கறுத்த பள்ளங்கள் இருந்தால், தீட்டத் தீட்ட அந்த இடம் சின்னச் சின்னப் பல்லாக உடைந்துகொண்டே வரும். பள்ளம் தீரும்வரை உருக்கைத் தேய்க்க வேண்டும். அலகு ஏற்கெனவே ஒடுங்கிப் போயிருந்தால் அதற்கு இடமிருக்காது.

அடுத்தது வெடிப்பு. இந்தக் கத்திகளின் இரண்டு பக்கமும் உட்குழிவாக அரைக்கப்பட்டிருக்கும். வாய்க்குக் கிட்ட உருக்கு கடதாசி மொத்தம்தான். ஒருக்கா கீழே விழுந்திருந்தாலே மயிரிழை வெடிப்பு வந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அலகில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடச் சோக்கைத் தூளாக்கிப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து சோக்கில் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தக் கத்தி கண்ணாடிப் பெட்டிக்குரியது, கன்னத்துக்கு அல்ல. வெடித்த உருக்கை ஒட்டவோ பற்றவைக்கவோ முடியாது. முடியும் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

தோட்டம் கொத்தும்போது மண்ணுக்குள் கத்தி ஒன்று கிடைத்தது. இன்னும் தோண்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். இடம்பெயரும்போது சாமான்களைப் பெட்டியோடு தாட்டுவிட்டுப் போனவர்கள் பலர், அதனால் ஆசை வருவது நியாயம். ஆனால் அதே மண்ணில் 2009 வரை நடந்த சண்டையின் மிச்சமும் கிடக்கிறது. ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் போர் முடிந்து பல வருடங்களாகியும் வன்னியில் வேலை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காணியில் உலோகம் தேடிக் கொத்துவது கத்திக்காகக் காலைக் கொடுக்கிற வேலை. என்னவென்று தெரியாத உலோகத்தைக் கண்டால் தொடாமல், அந்த இடத்துக்கு அடையாளம் வைத்து, வந்த தடத்தாலேயே திரும்பிப் போய்க் கிராம சேவகரிடமோ பொலிஸிடமோ சொல்லுங்கள்.

கையில் வந்துவிட்ட கத்தியை என்ன செய்வது? துடைத்து, எண்ணெய் பூசி, நினைவாக வைத்திருங்கள். சவரத்துக்கு வேண்டாம். ஏற்புவலி கறளால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதை உண்டாக்கும் கிருமி மண்ணில் இருக்கிறது. அதன் வித்துகள் ஸ்பிரிட்டுக்கோ சாதாரணமாகக் கொதிக்கவைத்த தண்ணீருக்கோ சாகாது. மண் பட்ட கத்தி வெட்டிவிட்டால், கடைசியாக ஏற்பு ஊசி போட்டது எப்போது என்று தெரியாவிட்டால், அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

அலகின் அடியில் எழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. எந்தக் காலத்துக் கத்தி என்று அறியலாமா?

ஓரளவுக்கு. இங்கே காணப்படுகிற பழைய கத்திகளில் இங்கிலாந்தின் ஷெபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும்தான் அதிகம். நட்சத்திரமும் மோல்ற்றாச் சிலுவையும் (நான்கு கையும் வெளிப்பக்கம் விரிந்த சிலுவை) சேர்ந்த முத்திரை ஷெபீல்டின் ஜோசப் ரொட்ஜர்ஸ் கம்பெனியுடையது. கைகோத்து நிற்கும் இரட்டை மனிதர்கள் சோலிங்கனின் ஹென்கெல்ஸ். அந்த முத்திரை 1731இல் பதியப்பட்டது. முடியோடு வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா மகாராணியின் காலம், அதாவது 1901க்கு முன் என்று எடுக்கலாம். பிரித்தானியச் சந்தைக்கு வரும் வெளிநாட்டுச் சாமானில் செய்த நாட்டைக் குறிக்கும்படி நெருக்கிய சட்டம் 1887இல் வந்தது. அமெரிக்கா 1890இல் அதேபோலச் சட்டம் போட்டது. அதனால் ஊர்ப்பெயர் மட்டும் இருந்து நாட்டின் பெயர் இல்லாவிட்டால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. வாய்ப்புத்தான், உறுதியல்ல. சோலிங்கன் என்ற பெயருக்கு 1938இல் ஜெர்மனி தனிச் சட்டமே போட்டது. அந்தளவுக்குக் கள்ள முத்திரை நடந்திருக்கிறது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேனென்றால், திருத்துகிறேன் என்று இறங்குபவர்கள் முதலில் அழிப்பது இந்த எழுத்தைத்தான். அந்த இடத்தில் வாட்டர் பேப்பரே வைக்கக் கூடாது. எண்ணெயும் பல் தீட்டும் பிரஷும் போதும்.

வேலை தொடங்க முதல் என்ன பாதுகாப்பு?

பழைய கத்தி மழுங்கியிருக்கும் என்று நம்ப வேண்டாம். தாடியை வழிக்காத வாய் விரலை நன்றாக வெட்டும். கண்ணாடிப் போத்தலின் விளிம்பில் வாயை ஒருக்கா மெதுவாக இழுத்து வேண்டுமென்றே மழுக்குங்கள். எப்படியும் கடைசியில் புதிதாகத் தீட்டத்தான் போகிறீர்கள். அதன்மேல் கறண்ட் ரேப் இரண்டு சுற்று. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க், நல்ல வெளிச்சம் வேண்டும். பிள்ளைகள் ஓடித் திரியாத இடம் வேண்டும். கத்தி கை நழுவினால் பிடிக்கப் போக வேண்டாம், விழ விடுங்கள்.

கைபிடியின் ஒரு முனையில், இரண்டு தகட்டுக்கும் நடுவே, ஒரு சின்ன ஆப்பு இருக்கும். பழைய ஷெபீல்ட் கத்திகளில் அது ஈயமாக இருக்கலாம். மங்கிய சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் கோடு விழும். ஈயத்தை அரத்தாலோ பேப்பராலோ தேய்க்கக் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

கறளை எப்படிக் கழற்றுவது?

நேரம் எடுக்கும் வேலை, ஆனால் செலவு குறைந்த வேலை. டபிள்யூடி 40 அல்லது மண்ணெண்ணெய் தடவி ஒரு இரவு விடுங்கள். காலையில் பழைய சாரத் துண்டால் துடைத்தால் தளர்ந்த சிவப்புக் கறள் பாதி போய்விடும். அடியில் கறுப்பாக, இறுக்கமாக ஒன்று மிஞ்சும். அது வேறு வகை ஒட்சைட்டு. மேலே பரவாது, அலகைத் தின்னாது. அதை விட்டுவிடுவதுதான் என் கட்சி.

சிவப்பு இன்னும் இருந்தால் வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் பாவிக்கும் வாட்டர் பேப்பரை எடுங்கள். பள்ளம் ஆழமென்றால் 400ஆம் நம்பரில் தொடங்கலாம். இல்லாவிட்டால் 600, பிறகு 800, 1000, 1500, 2000. கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு தேய்க்க வேண்டாம். மேசை விளிம்பில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அலகை அதன்மேல் படுக்கையாக வையுங்கள். வாய் முழுக்கப் பலகையில் தாங்கி இருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பேப்பரைப் போத்தல் தக்கையில் சுற்றி, எண்ணெய் தொட்டு, வாயிலிருந்து முதுகை நோக்கி ஒரு இழுப்பு. தூக்குங்கள். திரும்ப வாயிலிருந்து முதுகுக்கு. முதுகிலிருந்து வாய்ப்பக்கம் விரல் வரவே கூடாது. வழுக்கினால் விரல் போகும் இடம் அதுதான். ஒரு நம்பர் பேப்பர் விட்ட கீறல் முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்த நம்பர். இதில் அவசரப்பட்டால் 2000க்கு வந்த பிறகு 400இன் கீறல் வெயிலில் பல்லைக் காட்டும்.

எண்ணெயோடு தேய்ப்பதால் தூசி பறக்காது. தேய்த்த சீலையைச் சுருட்டி மூலையில் எறியாமல் விரித்துக் காயவிட்டுப் பிறகு கழியுங்கள்.

தேசிக்காய், புளி, வினாகிரி போடலாமா? பித்தளை விளக்குக்குப் போடுகிறோமே?

பித்தளைக்குப் போடலாம். இது ஒரு வீதத்துக்குக் கிட்டக் கரியுள்ள உருக்கு. அமிலம் கறளைத் தின்றுவிட்டு உருக்கையும் தின்னத் தொடங்கும். அலகு சாம்பல் நிறத்தில் மங்கி, பொன்முலாம் பூசிய எழுத்து இருந்தால் அதுவும் போய்விடும். பற்றரி அசிட் பக்கமே போக வேண்டாம்.

கிரைண்டரிலோ பஃப் சக்கரத்திலோ பிடித்தால் அரை மணித்தியாலத்தில் முடியுமே?

முடியும், கத்தியும் சேர்ந்துதான். இரண்டு காரணம்.

முதலாவது சூடு. இந்த உருக்கைக் கடினமாக்கிய பிறகு சுமார் 200 பாகை செல்சியசுக்குள் திரும்பச் சூடாக்கிப் பதப்படுத்தியிருப்பார்கள். அதற்குமேல் சூடேறினால் பதம் இறங்கும். சூட்டை உருக்கின் நிறம் காட்டும்: 220 பாகையளவில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, 300க்குக் கிட்ட நீலம். வாயில் நீலம் தெரிந்தால் அந்த இடம் இனி கூர் நிற்காத வெறும் தகடு. தேய்த்தாலும் திரும்பி வராது. வாய் அவ்வளவு மெல்லிசு என்பதால் சக்கரத்தில் இரண்டு மூன்று செக்கன் போதும். முதுகு குளிராக இருக்கும்போதே வாய் எரிந்துவிடும், அதனால் கையால் தொட்டுப் பார்த்தும் பிடிபடாது.

இரண்டாவது, சக்கரம் அலகின் விளிம்பைக் கவ்விப் பிடுங்கி எறியும். எந்தப் பக்கம் எறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெல்டிங் கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் இதை அவரிடம் கொடுக்காதீர்கள்.

கண்ணாடிபோல மினுங்க வைக்க வேண்டுமா?

தேவையில்லை. சவரம் செய்வது வாயின் கடைசி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த பகுதி. மற்றதெல்லாம் அழகு. ஆசையென்றால் 2000 பேப்பருக்குப் பிறகு பிராசோவோ மோட்டச்சைக்கிள் குரோம் துடைக்கும் பேஸ்டோ மெல்லிய சீலையில் தொட்டுக் கையால் தேயுங்கள், பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே துடையுங்கள். பொன்முலாம் எழுத்துக்கு மேல் மட்டும் பிராசோ வேண்டாம். முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கி, அலகின் கோடுகளெல்லாம் உருண்டு, முத்திரை பாதி அழிந்த கத்திகளை விற்பனைக்குப் போடுகிறார்கள். எனக்கு அவை வழித்த தலை மாதிரித்தான் தெரிகின்றன.

கைபிடி எதனால் செய்தது என்று எப்படி அறிவது?

எருமைக் கொம்பு, தந்தம், எலும்பு, மரம், அல்லது செலுலொயிட், பேக்லைட்டு என்ற பழைய பிளாஸ்டிக் வகைகள். இதில் கவனம் வேண்டியது செலுலொயிட். 1870களிலிருந்து பாவனைக்கு வந்தது. தந்தம், ஆமையோடு மாதிரியெல்லாம் வேசம் போடும். பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர மணம் வந்தால் அதுதான். சூட்டு ஊசி குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், குப்பென்று பற்றும். பழைய சினிமாப் படச்சுருள்களை எரித்த அதே பொருள்தான்.

செலுலொயிட்டுக்கு இன்னொரு குணம், வயது போனால் தானாகவே சிதையும். அப்போது வெளிவரும் வாயு அலகைக் கறளாக்கும். கைபிடிக்குள் மடிந்து கிடந்த பகுதி மட்டும் கறளாகி மற்ற இடம் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெடித்து, பிசுபிசுத்து, புளித்த மணம் வந்தால் மருந்தில்லை. கழற்றி, மற்றக் கத்திகளிலிருந்து தூர வையுங்கள். அடுப்படிப் பக்கமோ வெயில் படும் யன்னல் பக்கமோ வேண்டாம்.

கொம்பு என்றால் காய்ந்து வெளிறியிருக்கும், பூச்சி அரித்த பள்ளமும் இருக்கலாம். எண்ணெய் தடவி சில நாள் விட்டால் நிறம் திரும்பும். தந்தத்தையும் கொம்பையும் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது.

ஆணியைக் கழற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. சந்தில் உள்ள அழுக்கை ஈர்க்குக் குச்சியில் சீலை சுற்றி எண்ணெய் தொட்டு எடுக்கலாம். அலகு ஆடினால் ஆணித் தலையைச் சின்னச் சுத்தியலால் கல்லின்மேல் வைத்து மெல்ல மெல்லத் தட்டினால் இறுகும். ஓங்கி ஒரு அடி போட்டால் கைபிடி பிளக்கும்.

கைபிடி உடைந்திருந்தால்தான் கழற்றல். ஆணித் தலையை அரத்தால் தேய்த்து, மெல்லிய பொஞ்சால் தட்டி வெளியே எடுங்கள். திரும்பப் போட 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி பொருந்தும். பித்தளை ஒட்டு வேலைக்குப் பாவிக்கும் கம்பியில் அந்த மொத்தம் கிடைக்கும், மேல்பூச்சு இருந்தால் சுரண்டிவிடுங்கள். புதுக் கைபிடிக்குத் தச்சரிடம் கழிவுத் துண்டாகக் கிடக்கிற முதிரையோ பாலையோ போதும், தகடு ஒன்று 3 மில்லிமீற்றர். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும், நீளக் கையுள்ள சேர்ட் போட்டுக்கொண்டு தேயுங்கள். கருங்காலிக்காகக் காட்டுக்குள் போக வேண்டாம்.

வேறொருவர் பாவித்த கத்தி. கிருமி நீக்குவது எப்படி?

சோப்பும் பிரஷும் முதலில். அழுக்குக்கு மேல் மருந்து ஊற்றிப் பயனில்லை. பிறகு 70 வீத அற்ககோலில் பத்து நிமிடம் அலகை மட்டும் வைத்து, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். குளோரின் கலந்த பிளீச் உருக்கை அரிக்கும். செலுலொயிட் கைபிடியை அற்ககோலிலும் கொதிநீரிலும் போடக் கூடாது.

நீங்கள் பாவிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கத்தி உங்களுக்கு மட்டும். தகப்பனும் மகனும் ஒன்றைப் பாவிப்பது பழைய வழக்கம். ஹெபற்றைற்றிஸ் பி வைரஸ் காய்ந்த மேற்பரப்பில் குறைந்தது 7 நாள் தொற்றும் நிலையில் இருக்கும் என்று தெரிந்த பிறகு அந்த வழக்கத்தை விட்டுவிடலாம்.

தீட்டுவது எப்படி? கத்தி, மண்வெட்டி தீட்டும் கல் போதுமா?

அது போதாது, கெடுக்கவும் செய்யும். தோட்டச் சாமான் தீட்டும் கரடுமுரடான கல் வாயைப் பிய்த்துவிடும். வேண்டியது தண்ணீர்க் கற்கள்: 1000, பிறகு 3000 அல்லது 4000, கடைசியில் 8000. இன்னும் மென்மை வேண்டுபவர்கள் 12000 வரை போவார்கள். கல் தட்டையாக இருக்க வேண்டும். பள்ளம் விழுந்திருந்தால் மொத்தக் கண்ணாடித் தகட்டின்மேல் 400 வாட்டர் பேப்பரை ஒட்டி, நனைத்து, அதில் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

கோணத்தை நீங்கள் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கத்தியைச் செய்தவரே முதுகின் மொத்தத்தில் அதை வைத்துவிட்டார். முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படும்படி படுக்கவைத்து, வாய் முன்னால் போகத் தள்ளுங்கள். முனையில் முதுகின்மேலாகப் புரட்டி மற்றப் பக்கம். அழுத்தம் கொடுக்க வேண்டாம், கத்தியின் பாரத்தோடு கொஞ்சம். முதுகு தேயாமலிருக்க ஒரு சுற்றுக் கறண்ட் ரேப் ஒட்டலாம்.

வேலை முழுக்க 1000 கல்லில்தான். வாய்ச்சரிவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுச் சில தள்ளுத் தள்ளிப் பாருங்கள். மை எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. பிறகு வாயை நேராக ரோச் வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். மழுங்கிய இடம் வெள்ளை இழையாக மினுங்கும். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, ஒன்றும் தெரியாது. அந்த இழை அடியிலிருந்து நுனிவரை மறையாமல் அடுத்த கல்லுக்குப் போனால் 8000இல் எவ்வளவு தேய்த்தாலும் பிரயோசனமில்லை.

வார் எங்கே வாங்குவது?

மேற்பூச்சில்லாத அசல் தோல், 5 சென்ரிமீற்றர் அகலம், மடிப்பில்லாமல் இருந்தால் போதும். பழைய நல்ல இடுப்புப் பட்டி சில வேளை சரிவரும். பிளாஸ்டிக் பூசிய பட்டி சரிவராது. கல்லில் வாய் முன்னால் போகும், வாரில் முதுகு முன்னால். மாறிச் செய்தால் தோல் வெட்டுப்படும். வாரை இறுக்கிப் பிடியுங்கள், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் ஐம்பது தரம்.

இதைக் கண்ணால் பார்த்துப் பழகுவதுதான் நல்லது. உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கத்தி பிடித்த வயதான தொழிலாளி ஒருவர் இருந்தால் போய்க் கேளுங்கள், மரியாதையாக, ஐயா என்று கூப்பிட்டு. ஒரு காலத்தில் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த ஊர்களில் இப்போது இதை முறையாகத் தெரிந்தவர் அவர்தான்.

முதல் சவரத்தில் கவனிக்க வேண்டியது?

கன்னம் மட்டும். நாடியும் தொண்டையும் பிறகு. சுடுதண்ணி, நல்ல நுரை, மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, தோலுக்குச் சுமார் 30 பாகையில், மயிர் வளர்ந்த பக்கமாக மட்டும். பிடுங்கினால் கூர் போதாது. அழுத்தி ஈடுகட்டப் பார்க்காமல் நிறுத்திவிட்டுக் கல்லுக்குத் திரும்புங்கள். நீரிழிவுக்காரரும், வாபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை எடுப்பவர்களும், கை நடுங்குபவர்களும் இந்தக் கத்தியை முகத்தில் வைக்க வேண்டாம்.

திருத்திய கத்தியைச் சலூனில் பாவிக்கலாமா?

இல்லை. ஆளுக்கு ஒரு புதுப் பிளேட் என்ற வழக்கம் நல்ல காரணத்துக்காக வந்தது.

மாரியில் திரும்பக் கறள் பிடிக்காமல் எப்படி வைத்திருப்பது?

ஐப்பசியிலிருந்து தை வரை வீட்டுக்குள்ளேயே ஈரம் ஊறும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் உப்புக் காற்றும் சேரும். பாவித்த உடனே கழுவி, துடைத்து, கைபிடியின் உட்பக்கத்தையும் துணி நுழைத்துத் துடைத்து, ஒரு மணித்தியாலம் திறந்தபடி விட்டுப் பிறகு மடியுங்கள். கிணற்றுத் தண்ணீர் சவரென்றால் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவு நிற்கும், அதன் அடியில் கறள் தொடங்கும். நெடுநாள் வைப்பதென்றால் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. தேங்காயெண்ணெய் நாள்போகப் பிசினாகும். தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பைக்கற்றோடு மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். குளியலறை வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் தாத்தாவின் கத்தியைக் கொண்டுபோக ஆசைப்படுகிறார்கள்.

விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். வாயை மூடி, மடித்து, ரேப் சுற்றி, கையளிக்கும் பயணப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். கைபிடி தந்தமென்றால் கதை வேறு. ஆசிய யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகம் 1975இலிருந்து சைற்றிஸ் என்ற, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டது. வணிகமில்லை, நினைவுப்பொருள் என்று சொன்னாலும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் சுங்கத்தில் நிறுத்துவார்கள். தந்தமா எலும்பா என்று பார்க்க ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். எலும்பில் கறுத்த சின்னப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும், அவை இரத்தக்குழாய் ஓடிய துளைகள். தந்தத்தில் அவை இருக்காது. புள்ளி தெரியாவிட்டால் கத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.